நடை யாருடையது?

"உங்கள் நடை நன்றாக இருக்கிறது" என்று யாராவது சொன்னால், எழுத்தைப் பற்றித்தான் சொல்கிறார்கள் என்று எழுத்தாளன் எடுத்துக்கொள்வான். நானும் இத்தனை வருஷங்களாக அப்படியே எடுத்துக்கொண்டு மகிழ்ந்து வந்திருக்கிறேன். ஆனால் ஒரு நாடகத்தின் கடைசிக் காட்சியில் ஒரு கிழவர் ஊஞ்சலிலிருந்து எழுந்து வாசல்வரை நடந்ததைப் பார்த்த பிறகு, அந்தப் பாராட்டைக் கேட்டால் எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. காரணத்தைச் சொல்கிறேன்.

என் நாவல் ஒன்றைச் சென்னையில் ஓர் அமெச்சூர் குழுவினர் நாடகமாக்கினார்கள். பெரிய கதையல்ல. ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் நாற்பது வருஷம் வாழ்ந்த வீடு, பாகப்பிரிவினையில் மூத்த மகனுக்குப் போய்விடுகிறது. 'இருங்கள்' என்று யாரும் சொல்லவில்லை. 'போங்கள்' என்றும் சொல்லவில்லை. ஒரு மாலையில் அவரே மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு புறப்படுகிறார். நாவலில் இந்த இடத்தில் அவரை இரண்டு பக்கம் பேச வைத்திருந்தேன். குடும்பம், நன்றி, காலத்தின் கோலம் எல்லாம் அந்தப் பேச்சில் வரும். எழுதியபோது எனக்கே கண் கலங்கியது. எழுதுகிறவனுக்குக் கலங்கிவிட்டால் படிக்கிறவர்களுக்கும் கலங்கியே தீரும் என்று நம்பிய வயது அது.

ஒத்திகை பார்க்க அழைத்தார்கள். போனேன். வேட்டியை மடித்துக் கட்டிய ஒரு மனிதர் மேடையின் ஓரத்தில் சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். அறுபது வயதிருக்கும். எல்லோரும் அவரை 'மாஸ்டர்' என்றார்கள். வசனத்துக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. நடிகர்கள் எங்கே நிற்பது, எப்படி எழுவது, எந்தக் கால் முதலில் போவது என்பதைத்தான் அவர் பார்த்துக்கொண்டார். நட்டுவனார் குடும்பத்தில் பிறந்தவர். சின்ன வயதில் ஜதி சொல்லக் கற்று, நாட்டிய நாடகங்களுக்கு ஆட்டம் அமைத்து, சினிமாவில் உதவியாளராக இருந்து, பள்ளிக்கூட ஆண்டு விழாக்களில் குழந்தைகளை வரிசையாக ஆடவைத்து, கடைசியில் நாடகக்காரர்களை 'நடக்கவைக்க' வந்து சேர்ந்தவர்.

இடைவேளையில் என்னிடம் வந்தார்.

"சார், தப்பா நினைச்சுக்கக் கூடாது. கடைசி சீன்லே இந்தப் பேச்சு வேண்டாம்னு தோணுது."

"ஏன், மாஸ்டர்?"

"பேசறவர் போகமாட்டார், சார். போறவர் பேசமாட்டார்."

"பேசாமல் பின்னே என்ன செய்வார்?"

"நடப்பார்."

எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் பொறுத்துக்கொண்டு பார்த்தேன். அன்று மாலை முழுவதும் அந்த நடிகரை ஊஞ்சலில் உட்கார வைத்து எழுப்பிக்கொண்டே இருந்தார். நடிகருக்கு முப்பத்தைந்து வயதுதான். கிழவர் வேஷம் என்பதால் முதுகை வளைத்துக் கொண்டு எழுந்தார். "கூனாதீங்க தம்பி. வயசானவர் நிமிரத்தான் பார்க்கிறார், முடியலே. நீங்க நிமிரப் பாருங்க" என்றார் மாஸ்டர். பிறகு, "வாத்தியார் சாக்பீஸ் பிடிச்ச கை எது?" என்று கேட்டார். வலது கை. "அப்போ பை இடது கையிலே இருக்கட்டும். வலது கைக்கு வேலை இருக்கு" என்றார்.

ஊஞ்சலிலிருந்து வாசலுக்குப் பதினோரு அடி. எட்டாவது அடியில் சுவரோரமாக விளக்கின் ஸ்விட்ச். வீண் செலவு ஆகாது என்று நாற்பது வருஷமாக, அறையை விட்டு வரும்போதெல்லாம் விளக்கை அணைத்துப் பழகிய கை அது. எட்டாவது அடியில் அந்த வலது கை தானாக எழுகிறது. ஸ்விட்சுக்கு அரை முழம் இருக்கும்போது நிற்கிறது. இனி இது யார் வீட்டு விளக்கு? கை மெதுவாக இறங்குகிறது. இன்னும் மூன்று அடி. திரை.

அரங்கேறிய அன்று அந்தக் கை நின்ற நேரத்தில் சபாவில் ஒரு சத்தம் கேட்டது. கைதட்டல் அல்ல, முந்நூறு பேர் ஒன்றாக மூச்சை இழுத்த சத்தம். என் இரண்டு பக்க வசனத்துக்கு அப்படி ஒரு சத்தம் கிடைத்திருக்காது என்று அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது.

நாடகம் முடிந்ததும் என்னை மேடைக்கு அழைத்தார்கள். தலைமை வகித்த பெரியவர் ரோஜா மாலை போட்டார். "கடைசிக் காட்சியில் வசனமே இல்லாமல் நம்மை அழவைத்துவிட்டது இவருடைய பேனா!" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். நான் கைகூப்பினேன். 'அது என் பேனா அல்ல' என்று சொல்ல நான்கே சொற்கள் போதும். சொல்லவில்லை. மாலை கழுத்தில் கனமாக, ஈரமாக, சுகமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து நாடக நோட்டீஸை எடுத்துப் பார்த்தேன். கதை நான். நாடக ஆக்கம், டைரக்‌ஷன், ஒளி, ஒலி, ஒப்பனை, ஊஞ்சல் இரவல் கொடுத்த கடை வரைக்கும் பெயர் இருந்தது. நடக்கவைத்தவர் பெயர் இல்லை. இன்னொன்றும் உண்டு. நாடகம் போடப்படும் ஒவ்வொரு முறையும் கதைக்கு உரியவன் என்று எனக்கு ஒரு தொகை வரும். மாஸ்டருக்குப் பேசியது ஒரே தொகை, ஒத்திகையோடு தீர்ந்தது.

அடுத்த முறை பார்த்தபோது மன்னிப்புக் கேட்கும் தோரணையில் ஏதோ சொன்னேன். அவர் சிரித்தார். "கதை உங்களுது. நடந்தது அந்தத் தம்பியோட காலு. நடுவிலே நான் எங்கே சார் இருக்கேன்?" என்றார். அவர் தமாஷாகக் கேட்டதுதான். ஆனால் அந்தக் கேள்வி என்னோடு வீட்டுக்கு வந்து உட்கார்ந்துகொண்டது.

உண்மையில் எங்கே இருக்கிறார்? எழுதியவனுக்குக் காகிதம் இருக்கிறது. சிற்பிக்குக் கல் இருக்கிறது. சங்கீதம் அமைத்தவருக்கு ஸ்வரக் குறிப்பு இருக்கிறது. ஆட்டுவிக்கிறவருடைய வேலை முழுவதும் இன்னொருவர் உடம்பில் இருக்கிறது. அந்த உடம்பு மேடையை விட்டு இறங்கியதும் வேலையும் இறங்கிப் போய்விடுகிறது. கண்ணுக்கு நன்றாகத் தெரிவதெல்லாம் ஆடியவர்தான். ஆட்டுவித்தவர் எவ்வளவு சிறப்பாகச் செய்தாரோ அவ்வளவு தூரம் மறைந்துபோகிறார். "எவ்வளவு இயல்பாக நடந்தார்!" என்று ரசிகர் சொன்னால் அது மாஸ்டருக்குக் கிடைத்த வெற்றி, அந்த வெற்றியிலேயே அவர் பெயர் கரைந்துவிடுகிறது.

இது இன்று நேற்று ஏற்பட்டதல்ல. சிலப்பதிகாரத்தில் அரங்கேற்று காதையைப் படித்துப் பாருங்கள். மாதவி ஏழாண்டு பயின்று பன்னிரண்டாம் வயதில் மேடை ஏறுகிறாள். அவள் ஏறுவதற்கு முன், பின்னால் இருப்பவர்களை இளங்கோ ஒருவர்பின் ஒருவராக நிறுத்துகிறார்: ஆடலாசான், இசையாசிரியன், புலவன், தண்ணுமை முழக்குபவன், குழலோன், யாழாசிரியன். முதலிடம் ஆடலாசானுக்கு. அவனுக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று விரிவாகவே சொல்கிறார். ஆட்டம் முடிந்ததும் தலைக்கோல் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன்னும் மாதவிக்குக் கிடைக்கின்றன. ஆடலாசானுக்கு என்ன கிடைத்தது என்று காதை சொல்லவில்லை. அவன் திறமைகள் எல்லாம் இருக்கின்றன, பெயர் இல்லை.

பிற்காலத்தில் சிலருக்குப் பெயராவது நிலைத்தது. 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தஞ்சை அரண்மனையில் இருந்த சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற நான்கு சகோதரர்கள், அலாரிப்பில் தொடங்கித் தில்லானாவில் முடியும் கச்சேரி வரிசையை ஒழுங்கு செய்தார்கள். இன்று எந்த ஊரில் எந்தச் சிறுமி அரங்கேற்றம் செய்தாலும் அவர்கள் போட்ட பாதையில்தான் நடக்கிறாள். அந்த வம்சத்தில் வந்தவர் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. 1869-ல் பிறந்து 1954-ல் மறைந்தவர். அவரிடம் பயின்ற ருக்மிணி தேவி 1935-ல் மேடை ஏறினார். மறு வருஷம் கலாக்ஷேத்திரம் பிறந்தது. பழைய சதிரில் நட்டுவனார் ஆடுகிறவளின் பின்னாலேயே நின்று, அவள் நகர்ந்தால் தாமும் நகர்ந்து தாளம் போடுவார். ருக்மிணி தேவி அவர்களையெல்லாம் மேடையின் ஒரு பக்கத்தில் வரிசையாக உட்கார வைத்தார். பார்வைக்கு அது அழகான ஒழுங்கு, எனக்கும் பிடித்தது. ஆனால் அதன் பிறகு படம் எடுப்பவர்கள் ஆடுகிறவளை மட்டும் எடுப்பது சுலபமாகிவிட்டது.

நட்டுவனாராவது ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். அந்த ஆட்டத்தைத் தலைமுறை தலைமுறையாக உடம்பில் சுமந்துவந்த பெண்களுக்கு அதுவும் இல்லை. பொட்டுக்கட்டும் வழக்கத்தைச் சென்னை மாகாணம் 1947-ல் சட்டம் போட்டு ஒழித்தது. ஒழிய வேண்டிய வழக்கம்தான். அதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயம் இல்லை. ஆனால் ஆட்டம் அந்த வீடுகளிலிருந்து நம்மைப் போன்றவர்களின் வீடுகளுக்கு வந்தபோது, வசையை மட்டும் அங்கேயே விட்டுவிட்டு, புகழை நாம் எடுத்துக்கொண்டு வந்துவிட்டோம். பாலசரஸ்வதியைப் போல அந்தப் பரம்பரையிலேயே பிறந்து உலகப் புகழ் பெற்றவர்கள் மிகச் சிலர்.

மேல்நாட்டில் இந்த விஷயத்தை எப்படித் தீர்த்துக்கொண்டார்கள் என்று படித்துப் பார்த்தேன். அவர்களும் தீர்த்துக்கொண்டதாகத் தெரியவில்லை. 1913-ஆம் வருஷம் மே மாதம் 29-ஆம் தேதி, பாரிஸ் நகரத்தில் 'வசந்தச் சடங்கு' என்ற பாலே அரங்கேறியது. இசை ஸ்ட்ராவின்ஸ்கி, ஆட்டம் அமைத்தவர் நிஜின்ஸ்கி. சபையில் எழுந்த கூச்சலில் ஆடுகிறவர்களுக்கு இசையே கேட்கவில்லையாம். நிஜின்ஸ்கி திரைமறைவில் நாற்காலியின் மேல் ஏறி நின்று எண்ணிக்கையைக் கத்திச் சொன்னாராம். சில தடவைகளே அது ஆடப்பட்டது, பிறகு மறந்துபோய்விட்டது. இசை ஏட்டில் இருந்ததால் உலகெங்கும் பரவியது. ஆட்டத்தை மீட்க, பழைய சித்திரங்களையும் குறிப்புகளையும் கிழவிகளின் ஞாபகங்களையும் வருஷக்கணக்காகத் தேடி ஒட்டவைத்து, 1987-ல்தான் அமெரிக்காவில் மறுபடி மேடையேற்றினார்கள். ஆட்டத்தையும் காகிதத்தில் எழுத லாபான் என்பவர் 1928-ல் ஒரு குறியீட்டு முறையை வெளியிட்டார். அது உதவியது, ஆனால் வீட்டுக்கு வீடு பரவவில்லை.

சொத்துத் தகராறும் அங்கே வந்தது. நியூயார்க்கில் பாலே அமைத்த பாலன்சின் 1983-ல் காலமானபோது, நிலத்தைப் பாகம் பிரிப்பது போல, தம் நடனங்களை வேண்டியவர்களுக்கு உயிலில் எழுதிவைத்திருந்தார். மார்த்தா கிரஹாம் 1991-ல் காலமானபின் அவர் நடனங்களுக்காக வழக்கு நடந்தது. அவர் அமைத்த ஆட்டங்களில் பெரும்பாலானவை அவருக்குச் சொந்தமல்ல, அவர் சம்பளம் வாங்கிய அவருடைய சொந்த ஸ்தாபனத்துக்கே சொந்தம் என்று 2002-ல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது! மெர்ஸ் கன்னிங்ஹாம் வேறு விதமாக முடிவு செய்தார். தாம் போனபின் தம் குழு இரண்டு வருஷம் சுற்றி ஆடிவிட்டுக் கலைந்துவிட வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். அவர் 2009-ல் மறைந்தார். 2011 டிசம்பர் 31-ஆம் தேதி இரவோடு அந்தக் குழு கலைந்தது. ஒருவர் பங்கு பிரித்தார், ஒருவருடையதைக் கோர்ட் பிரித்தது, ஒருவர் கையைத் திறந்து விட்டுவிட்டார்.

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்று ஒரு வக்கீல் நண்பரைக் கேட்டேன். "1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தில் நடன அமைப்புக்கும் இடம் உண்டு. ஆனால் எழுத்திலோ வேறு விதத்திலோ அது பதிவாகியிருக்க வேண்டும். உன் மாஸ்டருடைய பதினோரு அடி எங்கே பதிவாகியிருக்கிறது?" என்றார்.

"முந்நூறு பேர் மனத்தில்" என்றேன்.

"அதற்கு ரிஜிஸ்திரார் ஆபீஸ் இல்லை" என்றார் நண்பர்.

நண்பர் சொன்னது சரி. அதற்கு மேலும் வாதம் செய்யலாம். அந்த நடிகர் தம் முழங்காலையும் முதுகையும் கொடுக்காவிட்டால் அந்த நடை ஏது? நான் அந்தக் கிழவரைப் படைக்காவிட்டால் நடக்க ஆள் ஏது? மாஸ்டருக்கு மட்டும் யார் கற்றுக்கொடுத்தார்கள்? இப்படிப் பின்னால் போய்க்கொண்டே இருந்தால் எந்த அடியும் எவருக்கும் சொந்தமில்லை என்றுதான் முடியும். ஆகவே யார் பெயரையும் சொல்ல வேண்டியதில்லை என்று நம்மில் பலர் நிம்மதியாக முடித்துக்கொள்கிறோம். நானும் சில மாதங்கள் அந்த நிம்மதியில் இருந்தேன்.

அதைக் குலைத்தது அதே நாடகம்தான். முதல் நடிகருக்கு வெளியூர் மாற்றலாகிவிட்டது. வேறொருவர் அந்த வேஷத்தை ஏற்றார். மாஸ்டரை மறுபடி அழைத்தால் மறுபடி பணம் கொடுக்க வேண்டும் என்று குழுவினர் அழைக்கவில்லை. புதியவர் பழையவரைப் பார்த்து எழுதிவைத்துக்கொண்டு நடந்தார். பதினோரு அடி, எட்டாவதில் கை எழுந்தது, அரை முழத்தில் நின்றது, இறங்கியது. ஒன்றும் குறையவில்லை. சபையும் மரியாதையாகக் கைதட்டியது. மூச்சை இழுத்த சத்தம் மட்டும் கேட்கவில்லை. அடிகள் இருந்தன, நடை போய்விட்டது.

அன்று எனக்கு ஒன்று விளங்கியது. பாத்தியதை வேறு; கடன் வேறு. பாத்தியதைக்குப் பத்திரம் வேண்டும், எல்லை வேண்டும். இந்த நடைக்கு அந்த எல்லையை யாராலும் போட முடியாது. ஆனால் கடனுக்கு எல்லைக்கல் தேவையில்லை. வாங்கிக்கொண்டவனுக்குத் தான் வாங்கியது தெரிந்தால் போதும். கையில் பிடித்து வைத்துக்கொள்ள முடியாத ஒன்றை ஒருவர் கொடுத்தார் என்றால், 'அவரால் பிடித்து வைக்க முடியவில்லை, ஆகவே என்னுடையது' என்பது நியாயமாகாது. பிடித்து வைத்துக்கொள்ள அவருக்கு வழியில்லாததனாலேயே, நினைவில் வைத்திருக்கும் பொறுப்பு நம்முடையதாகிறது. பத்திரம் எழுதிக் கொடுத்தவனிடம் நாணயமாக இருப்பது பெரிதல்ல, கோர்ட் பார்த்துக்கொள்ளும். பத்திரமில்லாதவரிடம் எப்படி இருக்கிறோம் என்பதுதான் கேள்வி.

இவ்வளவு தெளிவு வந்த பிறகும் என் கை சுத்தமாக இல்லை. நாவல் மறுபதிப்புக்கு வந்தது. அந்த இரண்டு பக்க வசனத்தைப் படித்தேன், தாங்கவில்லை. அதை எடுத்துவிட்டு, எட்டாவது அடியில் எழும் கையை எழுத வேண்டும் என்று பேனா துடித்தது. எழுதியும் விட்டேன். எழுதியபின் பயம் வந்தது. மேடையில் வாங்கிய மாலை ஒன்று. இப்போது அச்சிலேயே அதை என் பெயரில் எழுதிக்கொள்ளப் போகிறேனே! ப்ரூஃபை எடுத்துக்கொண்டு மாஸ்டர் வீட்டுக்குப் போனேன்.

சின்ன வீடு. முழங்காலில் தைலம் தடவிக்கொண்டிருந்தார். பிறருக்குக் கிழவர் நடையைக் கற்றுக்கொடுத்தவர் எழுந்து வர நேரமாயிற்று. விஷயத்தைச் சொன்னேன். ப்ரூஃபை வாங்கி மெதுவாகப் படித்தார்.

"சார், இது நான் கண்டுபிடிச்சது இல்லே. எங்கப்பா கடைசிக் காலத்திலே என் தங்கச்சி வீட்டிலே இருந்தார். மாப்பிள்ளை தங்கமானவர்தான். ஆனாலும் அப்பா அங்கே ஸ்விட்சைத் தொடமாட்டார். கை போகும், நின்னுடும். நூறு தடவை பார்த்திருக்கேன்" என்றார். சிறிது நேரம் இருவரும் பேசவில்லை.

"எடுத்துக்கலாமா, மாஸ்டர்?" என்று கேட்டேன்.

"எடுத்துக்குங்க. ஒண்ணே ஒண்ணு. இங்கே 'விளக்கை அணைக்கப் போனவர் மனம் மாறி நின்றார்'னு எழுதியிருக்கீங்க. மனசு மாறலே, சார். கைதான் நின்னுது. மனசுக்கு அப்புறம்தான் தெரியும். அதை மட்டும் சரி பண்ணிடுங்க."

சரி பண்ணினேன். அந்த ஒரு திருத்தம், நான் எழுதிய பக்கத்துக்கும் அவர் பார்த்த வாழ்க்கைக்கும் இருந்த தூரத்தை எனக்குக் காட்டிவிட்டது. தம் பெயரைப் பற்றி அவர் கேட்கவில்லை. தம் தகப்பனார் கை சரியாக நிற்க வேண்டும் என்றுதான் கேட்டார்.

மறுபதிப்பின் முன்னுரையில், கடைசிப் பக்கம் எனக்கு ஒருவர் கொடுத்தது என்று எழுதினேன். நாடகக் குழுவினரிடம் பேசி நோட்டீஸில் அவர் பெயரைப் போடவைத்தேன். புதிய நடிகருக்கு ஒரு நாள் பாடம் சொல்ல அழைக்கவும் வைத்தேன். எனக்கு வரும் தொகையில் பாதியை அவரிடம் கொடுத்தபோது மறுக்கவில்லை. எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டு, ரசீது எழுதிக் கொடுத்தார். அந்த ரசீதை வைத்திருக்கிறேன்.

இந்தக் கட்டுரையில் அவர் பெயர் எங்கே என்று நீங்கள் கேட்கலாம், கேட்க வேண்டும். எழுதப் போகிறேன் என்று சொன்னபோது அவர் கேட்டுக்கொண்டது இது: "நோட்டீஸிலே போடுங்க, சார், அது வேலைக்கு. பத்திரிகையிலே வேண்டாம், அது வம்புக்கு." அவர் சொன்னபடி விட்டுவிட்டேன்.

அடுத்த முறை ஒரு நாடகத்துக்கோ நாட்டியத்துக்கோ போனால், ஆட்டம் முடிந்ததும் நோட்டீஸை மடித்துப் பையில் வைப்பதற்கு முன் ஒரு தடவை பாருங்கள். நடக்கவைத்தவர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால், வெளியே வரும் வழியில் யாரையாவது நிறுத்திக் கேளுங்கள். நான் அந்த மேடையில் மாலையோடு நின்றபோது, சபையிலிருந்து ஒரே ஒருவர் அப்படிக் கேட்டிருந்தால் அந்த நான்கு சொற்களையும் சொல்லியிருப்பேன்.